இடிபாட்டில் எழுந்த சதுக்கம்

“குயவனுக்கு ஒரு வருஷம், தடிகாரனுக்கு ஒரு நிமிஷம்” என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆக்குவதற்கு நெடுங்காலம் வேண்டும், அழிப்பதற்குக் கணநேரம் போதும் என்பது அதன் கருத்து. ஆனால் போலந்து நாட்டின் தலைநகராகிய வார்சாவை அழித்தவர்கள் அதனைக் கணநேரத்தில் அழித்துவிடவில்லை. தெருத் தெருவாகத் தீயிட்டு, சுவர்களில் துளையிட்டு, துளைகளில் வெடிமருந்து நிரப்பி, மாதக்கணக்கில் பொறுமையோடு அழித்தார்கள். அவ்வாறு அழிந்த நகரின் நடுவே, விஸ்துலா ஆற்றங்கரை மேட்டின் மீது, இன்று ஓர் அழகிய சதுக்கம் இருக்கிறது. நான்கு புறமும் தோளோடு தோள் உரசி நிற்கும் குறுகிய முகப்புடைய மாடி வீடுகள். சுவர்களில் வண்ணப் பூச்சும் சித்திர வேலைப்பாடும். வாயில்களின் மேல் கற்சிற்பங்கள். நடுவே வாளும் கேடயமும் ஏந்திய கடற்கன்னியின் சிலை. முதன்முறை காண்பவர், முந்நூறு நானூறு ஆண்டுகளாக இவை இப்படியே நின்று வருகின்றன என்றே எண்ணுவர். உண்மையோ வேறு. அவ்வீடுகள் பெரும்பாலும் 1953-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டவை.

இச்சதுக்கத்தைப் பற்றி எங்கள் வரலாற்று வகுப்பில் பேச்சு எழுந்தபோது எங்களுள் இரு கட்சிகள் தோன்றிவிட்டன. “பழைய நகர் என்று பெயர் சூட்டிக்கொண்டு, நம் பாட்டிமாரின் வயதே ஆன வீடுகளைக் காட்டுவது ஏமாற்று வேலை அல்லவா?” என்று கேட்டது ஒரு கட்சி. “தாயின் படம் எரிந்து போனால், நினைவிலிருந்து இன்னொரு படம் வரைவது ஏமாற்று ஆகுமா?” என்று திருப்பிக் கேட்டது மற்றொரு கட்சி. மணி அடித்துவிட்டது, வாதம் முடியவில்லை. ஆகவே நூலகத்தில் அமர்ந்து தேடிப் படித்தோம். படித்ததில் எங்கள் நெஞ்சில் தைத்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

பழைய நகர் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. அதன் நடுவே வணிகர்கள் கூடும் இடமாக ஏற்பட்டதே இந்தச் சந்தைச் சதுக்கம். நீளம் 90 மீட்டர், அகலம் 73 மீட்டர். ஒரு கால்பந்து மைதானத்தைவிடச் சற்றே சிறியது. 1607-இல் ஒரு பெருந்தீ பரவி வீடுகளை விழுங்கியபின், செல்வம் மிக்க வணிகர்கள் கல்லாலும் செங்கல்லாலும் அவற்றை எழுப்பினர். இன்று நாம் காணும் வடிவம் பெரும்பாலும் அக்காலத்தது. சதுக்கத்தின் நடுவில் இருந்த நகர மன்றக் கட்டடம் 1817-இல் இடிக்கப்பட்டது. கடற்கன்னிச் சிலை 1855-இல் வந்தது. சில காலம் வேறிடங்களில் இருந்துவிட்டு 1999-இல்தான் மீண்டும் சதுக்கத்துக்குத் திரும்பியது. அந்நகரக் குழந்தைகளுக்குக் கடற்கன்னிக் கதை மட்டுமல்ல, பார்வையாலேயே கொல்லும் பசிலிஸ்க் என்னும் விலங்கின் கதையும் தெரியும். பாதாள அறையில் பதுங்கியிருந்த அதனை, ஒருவன் கண்ணாடியைக் காட்டி அதன் பார்வையாலேயே மடியச் செய்தானாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, சதுக்கம் என்றும் செல்வச் செழிப்போடு இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வீடுகளில் ஏழைக் குடும்பங்களே நெருக்கியடித்துக் குடியிருந்தன. பின்கட்டுகளில் மேலும் மேலும் அறைகள் முளைத்து, முற்றங்களில் வெயில் படுவதே அரிதாக இருந்தது. அந்த இருட்டு முற்றங்களும் நினைவில் சேர்ந்தவையே. பின்னால் இதனை மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

போருக்கு முன்னரே, யாரும் பெரிதாக எண்ணாத ஒரு வேலை நடந்து வந்தது. வார்சா தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியர் ஆஸ்கர் சொஸ்நோவ்ஸ்கி போலந்துக் கட்டடக் கலைக்கென ஒரு துறையை ஏற்படுத்தியிருந்தார். அங்கே படித்த மாணவர்கள் அளவு நாடாவும் காகிதமும் எடுத்துக்கொண்டு பழைய வீடுகளுக்குப் போவார்கள். சன்னலின் உயரம், படிக்கட்டின் அகலம், கதவு நிலையின் சிற்பம், கூரையின் சாய்வு ஆகிய ஒவ்வொன்றையும் அளந்து வரைந்து வருவார்கள். தேர்ச்சிக்காகச் செய்த பயிற்சி வேலை அது! நாமும்தான் வரைபடப் பயிற்சி என்றால் முகம் சுளிக்கிறோம். அந்தத் தாள்களே ஒரு நகரின் உயிரைக் காக்கப் போகின்றன என்று அன்று யார் அறிந்திருப்பர்? 1939 செப்டம்பரில் ஜெர்மானியப் படை நகரைத் தாக்கியபோது சொஸ்நோவ்ஸ்கி காயமுற்று இறந்தார். அவருக்குப் பின் யான் ஸாக்வதோவிச் என்பவரும் அவருடைய தோழர்களும் அடக்குமுறை ஆட்சியின் கீழ் மறைவாக அவ்வேலையைத் தொடர்ந்தனர்.

1944 ஆகஸ்டு முதல் நாள் மாலை 5 மணிக்கு வார்சா மக்கள் ஆயுதம் ஏந்தி எழுந்தனர். 63 நாள் போராட்டம். பழைய நகர் ஆகஸ்டு மாதம் முழுவதும் குண்டு மழையில் நனைந்தது. நம்மையொத்த வயதுப் பெண்கள் பலர் செவிலியராகவும் செய்தி கொண்டு செல்வோராகவும் இருந்தனர். சதுக்கத்துக்கு அருகில் உள்ள புனித ஸ்நாபக அருளப்பர் பேராலயத்தின் உள்ளேயே சண்டை நடந்தது. அந்த ஆலயத்தில் 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பெரிய பாடுபட்ட சுரூபம் உண்டு. பாரிச்கா என்னும் வணிகக் குடும்பத்தின் பெயரால் அது வழங்குகிறது. ஆண்டவரின் தலையில் உண்மையான மனித முடி வைத்திருப்பார்கள். பேராலயம் தீப்பற்றி எரிந்தபோது, அருட்தந்தை வாக்லாவ் கர்லோவிச்சும் ஓர் இளம் செவிலியும் வேறு சிலரும் உட்புகுந்து அச்சுரூபத்தை வெளியே எடுத்துத் தொமினிக்கர் ஆலயத்துக்குத் தூக்கிச் சென்றனர். இன்று அது பேராலயத்தில் தன் பழைய பீடத்தில் இருக்கிறது. சுற்றிலும் உள்ள சுவர்களைவிட அச்சுரூபத்துக்கு வயது மிக அதிகம்!

அங்கிருந்து சற்று வடக்கே நடந்தால் புதிய நகர்ச் சதுக்கம். அதன் ஓரத்தில் குவிமாடத்தோடு நிற்கிறது புனித கசிமீர் ஆலயம். நற்கருணை ஆராதனைக் கன்னியர் மடத்தைச் சேர்ந்தது அது. வியன்னாப் போரில் தன் கணவர் மன்னர் சொபியெஸ்கி பெற்ற வெற்றிக்கு நன்றியாக, மரிய கசிமிரா அரசி இக்கன்னியரை அங்கே குடியேற்றினார். அடைபட்ட மடம் அது. வெளியார் எவரும் உள்ளே நுழைந்ததில்லை. 1944 ஆகஸ்டில் அக்கன்னியர் மடத்துக் கதவுகளைத் திறந்துவிட்டனர். காயமுற்றோர், முதியோர், குழந்தைகளுடன் தாய்மார் என வந்தவரையெல்லாம் ஏற்றுக்கொண்டனர். ஆகஸ்டு 31-ஆம் நாள் குண்டுகள் விழுந்தன. குவிமாடம் இடிந்து நிலவறைகளின் மேல் சரிந்தது. 35 கன்னியரும், 4 குருக்களும், ஏறத்தாழ 1000 மக்களும் அதனடியில் மாண்டனர். இதனைப் படித்தபோது எங்களால் மேலே படிக்க முடியவில்லை. நமது பள்ளி மடத்தின் கதவைத் தினமும் கடந்து போகிறவர்கள் அல்லவா நாம்?

செப்டம்பர் 2-ஆம் நாள் பழைய நகர் வீழ்ந்தது. போராளிகளில் ஏறத்தாழ 5000 பேர் கழிவுநீர்க் குழாய்களுள் இறங்கி, இருளில் ஒருவர் பின் ஒருவராக நடந்து நகரின் மறுபகுதிக்குத் தப்பினர். தூக்கிச் செல்ல முடியாமல் விடப்பட்ட காயமுற்றோர் பலர் கொல்லப்பட்டனர். அக்டோபர் 2-இல் போராட்டம் முடிந்ததும் எஞ்சியிருந்த மக்கள் அனைவரும் நகரை விட்டு விரட்டப்பட்டனர். ஆளில்லா நகரில் அழிவு வேலை அதன் பிறகே முறையாகத் தொடங்கிற்று. நூலகங்கள், ஆவணக் காப்பகங்கள், அரண்மனைகள், கோயில்கள் எல்லாம் எரிந்தன. போர் வெற்றிக்கு இவ்வேலை எள்ளளவும் உதவாது. ஒரு மக்களினம் தன்னை மறந்துபோக வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டது.

மாணவர் வரைந்த தாள்கள் என்னவாயின? அருங்காட்சியகத் தலைவர் ஸ்தனிஸ்வாவ் லோரென்ட்ஸ் என்பவரின் முயற்சியால், கலைப்பொருள்களை மீட்க ஒரு சிறு குழுவினர் நகருள் நுழைய அனுமதி பெற்றனர். அவ்வேளையில் ஸாக்வதோவிச்சும் தோழரும் வரைபடங்களை வெளியே கொண்டுவந்து, பியோத்ருகூவ் நகரில் ஒரு துறவியர் மடத்தில் ஒளித்து வைத்தனர். நகரம் எரிந்து கொண்டிருந்தபோது நகரத்தின் வரைபடம் ஒரு மடத்தில் உறங்கிக் கொண்டிருந்தது!

1945 சனவரி 17-இல் ஜெர்மானியர் விலகினர். மறுநாளிலிருந்தே மக்கள் பனியில் நடந்து திரும்பத் தொடங்கினர். போருக்கு முன் 13 லட்சம் மக்கள் வாழ்ந்த நகரம் அது. திரும்பியவர்கள் கண்டது செங்கல் மேடுகளை. தங்கள் தெரு எது என்று கண்டுகொள்ளவே இயலவில்லை. இதனை இப்படியே விட்டுவிட்டு வேறு நகரைத் தலைநகராக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. ஆயினும் பிப்ரவரியிலேயே தலைநகர் மறுகட்டுமானத்துக்கென ஓர் அலுவலகம் அமைக்கப்பட்டது. நாடெங்கும் மக்கள் அதற்கு நன்கொடை அளித்தனர். வாரக் கடைசியில் மண்வெட்டியோடு வந்து இடிபாடு அகற்றினர்.

“பழைய கட்டடம் அழிந்தால் அழிந்ததுதான், அதன் நகலைக் கட்டக் கூடாது” என்பதே அக்காலக் கட்டடப் பாதுகாப்பு வல்லுநர்களின் விதி. ஸாக்வதோவிச்சும் அவ்விதியைப் படித்து வளர்ந்தவரே. தாங்கள் கட்டப்போவது உண்மையான பழைய வீடுகள் ஆகா என்பதை அவரே மறைக்காமல் ஒப்புக்கொண்டார். இருப்பினும் ஒருவர் திட்டமிட்டுத் தம் பண்பாட்டை அழிக்கும்போது அதனை ஏற்றுக்கொண்டு சும்மா இருக்க முடியாது, வருந்தலைமுறைக்கு அதன் வடிவத்தையேனும் அளித்தாக வேண்டும் என்பது அவர் வாதம். எங்கள் வகுப்பின் முதற்கட்சியினர் இவ்விடத்தில் சற்றுத் தணிந்தனர். ஏமாற்றுகிறவன் தன் ஏமாற்றை முன்கூட்டியே எழுதி வைப்பதில்லையே!

வேலை நடந்த விதம் வியப்பானது. இடிபாடுகளை அள்ளிக் கொட்டாமல் சலித்தனர். கதவு நிலையின் ஒரு துண்டு, சிற்பத்தின் ஒரு கை, பழைய செங்கல் ஒவ்வொன்றையும் பொறுக்கிச் சேர்த்துப் புதுச்சுவரில் அதற்குரிய இடத்தில் பதித்தனர். ஓவியர் குழுக்கள் சாரத்தின் மீதேறி முகப்புகளில் சித்திரம் தீட்டினர். போதாத செங்கற்கள் வேறு ஊர்களிலிருந்து வந்தன. பழைய நகரின் கோட்டை வாயிலான பார்பிக்கன் 1952 முதல் 1954 வரை கட்டப்பட்டபோது, விரோத்சுவாவ், நீசா ஆகிய ஊர்களில் இடிக்கப்பட்ட பழைய கட்டடங்களின் செங்கற்கள் அதற்குப் பயன்பட்டன. ஓர் ஊரின் பழமையை எடுத்து இன்னோர் ஊரின் பழமையை ஆக்கினர். அந்த ஊர்க்காரர்களுக்கு இது இனித்திருக்குமா?

எல்லாம் முன்போலவே கட்டப்பட்டன என்றும் சொல்வதற்கில்லை. பின்கட்டுகளை மீண்டும் கட்டவில்லை. அவ்விடங்களைக் காற்றும் வெளிச்சமும் உள்ள முற்றங்களாக விட்டனர். உள்ளே குழாய்த் தண்ணீரும் குளியலறையும் கொண்ட புதுக் குடியிருப்புகள் அமைந்தன. ஏழைகளின் இருட்டு முற்றம் நினைவிலிருந்து நீங்கியது. நீங்கியது நல்லதே என்றுதான் அங்கே வாழ்ந்தவர்கள் சொல்லியிருப்பர். பேராலயத்தின் கதை இன்னும் விந்தை. போருக்கு முன் அதற்கு 19-ஆம் நூற்றாண்டில் அமைந்த, ஆங்கில நாட்டுப் பாணியிலான அலங்கார முகப்பு இருந்தது. அதனைத்தான் அக்காலத்து மூதாட்டியர் தம் திருமண நாளில் கண்டிருப்பர். ஸாக்வதோவிச் அதனைத் திரும்பக் கட்டவில்லை. 14-ஆம் நூற்றாண்டில் எப்படி இருந்திருக்கக் கூடும் என்று கருதி, அப்பகுதியின் பழைய செங்கல் ஆலயங்களைப் போன்றதொரு முகப்பை எழுப்பினார். வாழ்ந்து கொண்டிருந்த எவரும் கண்டிராத முகப்பு அது. நினைவு என்பது இருந்ததைக் காட்டும் கண்ணாடி மட்டுமன்று. தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுப்பதும் ஆகும் என்று நாங்கள் உணர்ந்தது இவ்விடத்தில்தான்.

1953 ஜூலை 22-ஆம் நாள் சந்தைச் சதுக்கம் திறக்கப்பட்டது. அந்நாள் பொதுவுடைமை அரசின் தேசியத் திருநாள். வீடுகளையும் ஆலயங்களையும் எழுப்பியதில் அந்த அரசுக்கும் பங்கு உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் சதுக்கம் திறந்து இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 25-ஆம் நாள் இரவு, அதே அரசு வார்சாப் பேராயர் கர்தினால் விஷின்ஸ்கியைக் கைது செய்தது. 1956 அக்டோபர் வரை அவர் காவலில் வைக்கப்பட்டிருந்தார். ஆலயச் சுவர் எழுந்தது, ஆயர் சிறைப்பட்டார். 1981-இல் மறைந்த அவர் அதே பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 2021-இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். நம் சென்னைக்கு 1986-இல் வருகை தந்த திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், 1979 ஜூன் 2-ஆம் நாள் தம் தாய்நாட்டுப் பயணத்தின் முதல் நாளிலேயே இப்பேராலயத்துக்கு வந்து செபித்தார்.

வார்சாவைப் பற்றி எழுதுவோர் பலர், பெலொட்டோ என்னும் இத்தாலிய ஓவியர் தீட்டிய படங்களைப் பார்த்தே சதுக்கம் கட்டப்பட்டது என்று எழுதிவிடுகின்றனர். இது பாதி உண்மை. 1780-இல் வார்சாவிலேயே இறந்த அவர் அரசவை ஓவியராக நகரின் பல தெருக்களை நுணுக்கமாகத் தீட்டியவர். அரண்மனையிலிருந்து தெற்கே செல்லும் பெருவீதியையும், கன்னியர் மடம் உள்ள புதிய நகர்ச் சதுக்கத்தையும் சீரமைக்க அவை பெரிதும் உதவின. சந்தைச் சதுக்கத்துக்கு உதவியவை பெரும்பாலும் மாணவர் வரைந்த தாள்களும் புகைப்படங்களுமே. அரசவை ஓவியரின் புகழில் பெயரறியா மாணவரின் உழைப்பு மறைந்துவிடக் கூடாது என்பதற்காக இதனைக் குறிப்பிடுகிறோம்.

1980-ஆம் ஆண்டு இப்பழைய நகர் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. இச்செய்தியைப் படித்ததும் எங்கள் வகுப்பின் இரண்டாம் கட்சியினர் கைதட்டினர். ஆனால் அவர்களும் வாயடைத்து நிற்கும்படி ஒன்று இருந்தது.

பழைய நகரிலிருந்து நடந்தே போய்விடக் கூடிய தூரத்தில் முரானூவ் என்னும் பகுதி இருக்கிறது. போருக்கு முன் வார்சா மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் யூதர். அவர்களுள் பெருந்தொகையினர் அங்கே வாழ்ந்தனர். நாஜிகள் அப்பகுதியைச் சுவரெழுப்பி அடைத்தனர். லட்சக்கணக்கானோரைக் கொலை முகாமுக்கு அனுப்பினர். 1943 ஏப்ரல் 19-ஆம் நாள் எஞ்சியவர்கள் எதிர்த்து எழுந்தபோது வீடு வீடாகக் கொளுத்தினர். மே 16-ஆம் நாள் பெரிய யூத ஆலயத்தை வெடிவைத்துத் தகர்த்தனர். அங்கே சதுக்கமும் தெருவும் கடைவீதியும் முன்போல் எழுப்பப்படவில்லை. இடிபாடு அகற்ற முடியாத அளவு இருந்தது. அந்த இடிபாட்டின் மேட்டின் மீதே, அந்த இடிபாட்டை அரைத்துச் செய்த கற்களைக் கொண்டே, புதுக் குடியிருப்புகளைக் கட்டினர். இன்றும் அவ்வீடுகள் சில தெருவைவிட உயரமாகத் திட்டின் மேல் நிற்கின்றன. வாயிலுக்குப் படியேறிச் செல்ல வேண்டும். திட்டின் அடியில் பழைய வீடுகளின் நிலவறைகள்.

வரைபடங்கள் சில இருந்திருக்கலாம், செங்கல்லும் கிடைத்திருக்கும். ஆனால் “இது எங்கள் வீடு, இங்கே சன்னல் இருந்தது” என்று சொல்லித் திரும்பி வர ஆளில்லை. சந்தைச் சதுக்கத்துக்கு நினைவு வைத்திருந்தவர்கள் பனியில் நடந்தேனும் வந்து சேர்ந்தனர். முரானூவுக்கு வந்தோர் மிகச் சிலர். எங்கள் வாதத்தில் இரு கட்சியும் இதை எண்ணிப் பார்க்கவே இல்லை.

சதுக்கத்தின் தெற்கே உள்ள அரண்மனை நெடுநாள் வெற்றிடமாகவே கிடந்தது. 1939 செப்டம்பர் 17-ஆம் நாள் குண்டுபட்டு அது எரிந்தபோது கோபுரக் கடிகாரம் 11 மணி 15 நிமிடத்தில் நின்றது. 1944-இல் வெடிவைத்து அடியோடு தகர்த்தார்கள். எரிந்த நாள்களிலேயே அருங்காட்சியக ஊழியர்கள் உயிரைப் பணயம் வைத்துக் கதவு, சிற்பம், தூண் துண்டுகளை எடுத்து மறைத்திருந்தனர். 1971-இல்தான் மறுகட்டுமானத்துக்கு அனுமதி கிடைத்தது. ஊரெங்கும் உண்டியல்கள் வைத்தனர்; மக்கள் காசு போட்டனர். அரண்மனை முன்றிலில் நிற்கும் சிகிஸ்மண்ட் மன்னரின் தூண் 1644-இல் நிறுவப்பட்டு, 1944 செப்டம்பரில் முறிந்து, 1949-இல் புதுக் கல்லோடு நிமிர்ந்தது. முறிந்த பழைய தூண்கள் அரண்மனைச் சுவரருகே கிடத்தி வைக்கப்பட்டுள்ளன. குழந்தைகள் அவற்றின் மேல் கைவைத்துப் பார்த்துக் கொண்டே போகிறார்கள்.

அரண்மனையின் கோபுரம் எழுந்தது. கடிகாரத்தைப் பொருத்தினார்கள். 1974 ஜூலை 19-ஆம் நாள் மக்கள் கீழே கூடி நின்றனர். கடிகாரத்தின் முட்களை 11 மணி 15 நிமிடத்தில் வைத்து, அந்த வேளை வரும்வரை காத்திருந்து, ஓட விட்டார்கள்.